ஓதக்குட்டைக் கணக்கெடுப்பு: நிலையான இடமா, மாறும் இடமா?

கடல் வற்றியபின் பாறைப் பள்ளங்களில் தேங்கி நிற்கும் நீரில் வாழும் உயிர்களைப் பருவந்தோறும் கணக்கெடுக்க முனைபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எங்கே எண்ணுவது என்பதைத்தான். ஒவ்வொரு முறையும் பாறையில் அடித்து வைத்த அதே ஆணிகளைத் தேடிப் போய் அதே குட்டைகளை எண்ணலாம். அல்லது சமவாய்ப்பு எண்களைக் கொண்டு ஒவ்வொரு முறையும் புதிய குட்டைகளைத் தேர்ந்தெடுக்கலாம். புள்ளியியல் பயின்றவர்களுக்கு இரண்டாவது வழியின்மீது இயல்பாகவே ஒரு சாய்வு உண்டு. பருவ மாற்றத்தை அறிவதே நோக்கமென்றால் நான் முதல் வழியின் பக்கமே நிற்கிறேன்.

அருகருகே இருக்கும் இரண்டு குட்டைகள் இரண்டு வேறு உலகங்களாக இருக்கக்கூடும் என்பதே இதற்குக் காரணம். கரையின் மேல்மட்டத்தில் உள்ள குட்டை பல மணி நேரம் வெயிலில் காய்ந்து உப்பேறுகிறது, மழை பெய்தால் உப்புக் குறைந்து நீர்த்துப்போகிறது. தாழ்ந்த மட்டத்தில் உள்ளதையோ சிறிது நேரத்திலேயே கடல் வந்து புதுப்பித்துவிடுகிறது. ஆழம், நிழல், அலை மோதும் திசை, அடியில் கல்லா மணலா என்பவையெல்லாம் இதனோடு சேர்கின்றன. வசந்தத்தில் பத்துக் குட்டைகளையும் இலையுதிர் காலத்தில் வேறு பத்துக் குட்டைகளையும் எண்ணினால், குட்டைக்குக் குட்டை உள்ள வேறுபாடே பருவத்தின் வேறுபாட்டை விழுங்கிவிடும். நிலையான குட்டை தன்னோடு தானே ஒப்பிடப்படுவதால் அந்தக் குழப்பம் பெரிதும் நீங்குகிறது.

நீண்ட காலத்திற்கும் இது பொருந்தும். கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் உள்ள ஹாப்கின்ஸ் கடல் ஆய்வு நிலையத்தின் பாறைக்கரையில், 1930களின் தொடக்கத்தில் வில்லிஸ் ஹெவட் என்ற ஆய்வாளர் ஒரு நேர்கோட்டை வகுத்து அதன்மீது இருந்த உயிர்களை எண்ணினார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு குழுவினர் அதே கோட்டைக் கண்டுபிடித்து மீண்டும் எண்ணி, 1995இல் முடிவுகளை வெளியிட்டனர். தென்பகுதிக்குரிய ஒன்பது இனங்களில் எட்டு பெருகியிருந்தன. வடபகுதிக்குரிய எட்டில் ஐந்து குறைந்திருந்தன. கரையோர நீரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 0.75 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது. ஹெவட் தம் இடங்களைக் குறித்து வைக்காமல் போயிருந்தால், இத்தனை நுட்பமான ஒப்பீட்டுக்கு வழியே இருந்திருக்காது.

நிலையான இடத்துக்கும் குறைகள் உண்டு. பெரும்பாலானோர் கடற்சாமந்தியும் நட்சத்திர மீனும் நிறைந்த அழகான குட்டையையே முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். உச்சத்தில் இருந்த ஒன்று அடுத்தடுத்த எண்ணிக்கைகளில் சரிவதுபோலத் தோன்றுவது இயல்பே, அதைச் சூழல் சீர்கேடென்று படித்துவிடும் ஆபத்து இருக்கிறது. மேலும், எண்ண வருபவரின் காலடியே திரும்பத் திரும்ப அதே பாசியை மிதிக்கிறது, அதே கல்லைப் புரட்டுகிறது. புரட்டிய கல்லைப் பழையபடி வைக்காவிட்டால் அதன் அடியில் வாழ்ந்தவை காய்ந்தும், மேலே இருந்த பாசி ஒளியின்றியும் மடியும். முதல் தேர்வை மட்டும் கரையின் உயர மட்டங்கள் வாரியாகச் சமவாய்ப்பு முறையில் செய்து, அதன்பின் அவற்றையே நிலையாக வைத்துக்கொண்டால் முதற்குறை தீரும். இரண்டாவது குறைக்கு, எவரும் கல்லைத் தொடாத சில குட்டைகளையும் ஒப்பீட்டுக்காக ஒதுக்கி வைக்கலாம்.

எண்ணும் முறையில் போட்டி சதுரச் சட்டத்துக்கும் புகைப்படத்துக்கும் இடையே நடக்கிறது. அரை மீட்டர் சட்டத்தை வைத்து நேரில் எண்ணுவது மெதுவானது; எண்ணுபவர் மாறினால் எண்ணிக்கையும் சற்று மாறும். புகைப்படம் நொடியில் முடிகிறது, ஐயம் வந்தால் பத்து ஆண்டுகள் கழித்தும் திரும்ப எண்ணலாம், கற்றுக்குட்டியும் எடுக்கலாம். வெளிப்பாறையில் ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிரான கொட்டலசுக்கும் மட்டிப் படுகைக்கும் அதுவே சிறந்தது என்பேன். ஆனால் குட்டைக்குள் நிலைமை வேறு. நீர்ப்பரப்பு வானத்தைப் பிரதிபலிக்கிறது, பாசியின் அடியில் நத்தை மறைகிறது, நண்டு நிழலைக் கண்டதும் பிளவுக்குள் ஓடிவிடுகிறது. பாசி அடர்ந்து வளரும் பருவத்தில் படத்தில் உயிர்கள் குறைந்து தெரியும். அது இழப்பன்று, மறைப்பு. ஆகவே குட்டைக்குள் நேரில் எண்ணுவதையும் அதற்குச் சான்றாகப் படத்தையும் வைத்துக்கொள்வதே எனக்குச் சரியெனப் படுகிறது.

உயிர்கள் நீரில் விட்டுச்செல்லும் டி.என்.ஏ.வைக் கொண்டு இனங்களை அறியும் முறை கண்ணுக்குத் தப்பியவற்றையும் காட்டுகிறது. எனினும் ஒவ்வோர் ஏற்றத்திலும் கடல்நீர் உள்ளே வந்து போகும் குட்டையில், அந்தத் தடயம் உள்ளே வாழ்வதனுடையதா, வெளியிலிருந்து அடித்து வரப்பட்டதா என்று பிரிப்பது எளிதன்று.

ஆண்டுக்கு எத்தனை முறை என்பதில் இரண்டு, நான்கு, பன்னிரண்டு என மூன்று தேர்வுகள் உள்ளன. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் என இருமுறை எண்ணுவது பல ஆண்டுப் போக்கை அறியப் போதும். ஆனால் கொட்டலசின் இளம் உயிர்கள் பாறையில் வந்து ஒட்டும் சில வாரங்கள் அந்த இடைவெளிக்குள் நழுவிவிடக்கூடும். மாதந்தோறும் எண்ணினால் அது பிடிபடும், மிதிபாடு மிகும். நான்கு முறை என்பதை நடுவழி என்று ஏற்கலாம்.

முறைகளின் எண்ணிக்கையைவிட என்னை அதிகம் உறுத்துவது நாளின் வேளை. ஆழ்ந்த வற்றம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியே வருகிறது. பல கரைகளில் அது விழும் மணி பருவத்தோடு மாறுகிறது. கலிபோர்னியாவில் குளிர்காலத்தின் ஆழ்ந்த வற்றங்கள் பிற்பகலில் வருகின்றன, வசந்தத்திலும் கோடையிலும் விடியற்காலையில். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து குட்டையை உயிர்வளியால் நிரப்புகிறது. இரவில் எல்லா உயிர்களும் சுவாசித்து அதைக் குறைக்கின்றன, குட்டைகளில் வாழும் ஸ்கல்பின் என்ற சிறு மீன்களில் சில அப்போது நீரைவிட்டு வெளியேயும் வந்துவிடுகின்றன. பிற்பகல் எண்ணிக்கையையும் விடியற்கால எண்ணிக்கையையும் அருகருகே வைத்து இதுதான் பருவம் என்று சொல்பவர், பாதி பருவத்தையும் பாதி வேளையையும் எண்ணியிருக்கிறார். ஓடியாடும் மீனையும் நண்டையும் இவ்விரு வேளைகளுக்கிடையே ஒப்பிடாமல், ஒட்டி வாழ்பவற்றை மட்டும் பருவக் கணக்கில் சேர்ப்பது நல்லது. ஓடுபவற்றுக்கு வற்றம் அவ்வளவு ஆழமாக இல்லாவிட்டாலும் ஒரே வேளையில் அமையும் நாள்களைத் தனியே தேர்ந்துகொள்ள வேண்டும்.