கஷ்டம் கேமிலா, கோடிலா? மலையக மாணவர்கள் செய்த மூன்று பிரவுசர் கேம்கள்

புதிதாகக் கேம் செய்யப் பழகும் ஒருவர் லிங்கை அனுப்பி "எப்படி இருக்கு?" என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று "சூப்பர்". மற்றது "நல்லாத்தான் இருக்கு, ஆனா கஷ்டம்". முதலாவதால் செய்தவருக்குப் பிரயோசனமில்லை. இரண்டாவது அவரைப் பிழையான இடத்துக்கு அனுப்பிவிடுகிறது. கஷ்டம் என்று கேட்டவுடன் வேகத்தைக் குறைப்பார், நேரத்தைக் கூட்டுவார், மூன்று உயிரை ஐந்தாக்குவார். பிழை இருந்த இடத்தில் அப்படியே இருக்கும், கேம் மட்டும் சப்பென்று ஆகிவிடும்.

அதனால் இங்கே பார்க்கும் மூன்று கேம்களிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம்: இந்தக் கஷ்டம் செய்தவர் வேண்டுமென்று வைத்ததா, தெரியாமல் வந்து ஒட்டிக்கொண்டதா? மூன்றையும் 60 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 60 தரம் படத்தைப் புதிதாக வரையும்) திரையுள்ள மடிக்கணினி ஒன்றிலும், 360 பிக்சல் அகலமுள்ள மலிவான போன் ஒன்றிலும், 120 ஹெர்ட்ஸ் போன் ஒன்றிலும் ஓட்டிப் பார்த்தோம். தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் கையில் கிடைப்பது நடுவில் சொன்ன போன்தான் என்பதால் தீர்ப்பு அதை வைத்தே.

முதலாவது கொழுந்து பறிக்கும் கேம். மூன்றில் மிகச் சிறந்த யோசனை இதுதான். தேயிலைச் செடிகளில் துளிர் வரும்; இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக இருக்கும்போது தொட்டால் கூடையில் சேரும். விட்டுவிட்டால் இலை முற்றிவிடும், முற்றியதைத் தொட்டால் எடை குறையும். 60 வினாடி முடிந்ததும் நிறுவை. தோட்டத்தில் ஒரு மலையைப் பறித்துவிட்டு ஒரு வாரம் போலக் கழித்துத் திரும்பவும் அதே மலைக்கு வர வேண்டும், பிந்தினால் கொழுந்து முற்றிவிடும் என்ற கணக்கு அப்படியே கேமின் விதியாகியிருக்கிறது. வெளியூர்க்காரர் செய்திருந்தால் பச்சை இலையைத் தொட்டால் ஒரு புள்ளி என்று முடித்திருப்பார்.

ஆனால் போனில் விளையாட ஏலாது. திரையின் இடது மேல் மூலையில் உள்ள துளிர்கள் சரியாகப் பறிபடுகின்றன. நடுவுக்கு வந்தால் தொட்ட இடம் ஒன்று, பறிபடும் இடம் வேறொன்று. வலது கீழ் மூலையில் உள்ள துளிர்கள் எத்தனை தரம் தட்டினாலும் பறிபடாது. "போன் டச் சரியில்லை" என்று ஆட்கள் நினைப்பது இதனால்தான். டச்சில் ஒரு குறையுமில்லை. கேன்வாஸ், அதாவது கேம் வரையப்படும் பரப்பு, 800 பிக்சல் அகலத்தில் எழுதப்பட்டிருக்கிறது, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் அதை 360 பிக்சலுக்குச் சுருக்கிக் காட்டுகிறது. விரல் 180 ஆவது பிக்சலில், அதாவது திரையின் நடுவில், பட்டால் கேமுக்குள் அது 400 ஆக வேண்டும். கோட் (கேமை இயக்கும் நிரல்) அதை 180 என்றே எடுத்துக்கொள்கிறது. மூலையில் 0 எப்படிப் பெருக்கினாலும் 0 என்பதால் அங்கே மட்டும் சரியாக இருக்கிறது. திருத்தம் இரண்டு வரி: கேன்வாஸ் திரையில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் "கெட் பவுண்டிங் கிளையன்ட் ரெக்ட்" தரும் இடது, மேல் அளவுகளைத் தொட்ட இடத்திலிருந்து கழியுங்கள், பிறகு கேன்வாஸின் உண்மையான அகலத்தைத் திரையில் தெரியும் அகலத்தால் வகுத்து, வரும் எண்ணால் பெருக்குங்கள். இங்கே அது 2.22. உயரத்துக்கும் அதேபோல.

இதைத்தான் முதலில் திருத்த வேண்டும். இது சரியாகும்வரை வேகம் கூடவா, துளிர் சிறிதா என்ற எந்தக் கருத்துக்கும் பெறுமதி இல்லை.

அதற்கு அடுத்தது துளிரின் அளவு. கேமுக்குள் 24 பிக்சல், சுருங்கியபின் போனில் கிட்டத்தட்ட 11. விரலுக்கு 44 முதல் 48 பிக்சலாவது வேண்டும். படத்தைப் பெருப்பிக்கச் சொல்லவில்லை; சின்னத் துளிர்தான் அழகு. தொடுபரப்பை மட்டும் பெருப்பித்து, விரலுக்குள் இரண்டு மூன்று துளிர் அகப்பட்டால் தூரத்தைக் கணக்கிட்டு மிகக் கிட்ட உள்ளதை எடுங்கள். அப்போது பறிக்கும் கையின் வேகமும் வரும், அநியாயமாக முற்றிய இலை சிக்குவதும் நிற்கும்.

இனி எல்லோரும் "ரெண்டாவது ரவுண்ட் சரியான கஷ்டம்" என்று சொல்லும் விஷயம். கைக்கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். முதல் தரம் விளையாடும்போது 60 வினாடி. "மீண்டும் பறி" பட்டனை அழுத்தினால் அதே 60 எண்ணி முடிய 30 வினாடிதான் ஆகிறது. மூன்றாம் தரம் 20. பக்கத்தை ரீலோட் செய்தால் திரும்பவும் 60. இது லெவல் கூடுவதல்ல. ஒவ்வொரு தரமும் புதிய "செட் இன்டர்வெல்" (குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை) ஒன்று தொடங்குகிறது, பழையது நிற்பதில்லை. மூன்றாவது ஆட்டத்தில் மூன்று கடிகாரங்கள் ஒரே எண்ணைக் குறைத்துக்கொண்டிருக்கின்றன. தொடங்குமுன் பழையதை நிறுத்தும் "கிளியர் இன்டர்வெல்" போட வேண்டும். அதை மட்டும் போட்டுவிட்டு "இன்னும் அப்படியேதான்" என்று வருபவர்கள் அதிகம், காரணம் இது: இன்டர்வெல்லின் இலக்கத்தை வைத்திருக்கும் மாறி (வேரியபிள்), ஆட்டத்தைத் தொடங்கும் பங்ஷனுக்குள்ளேயே, அதாவது அந்த வேலைக்கான கோட் தொகுதிக்குள்ளேயே, அறிவிக்கப்பட்டிருக்கிறது. பங்ஷன் முடிந்ததும் அந்த இலக்கம் கைவிட்டுப் போகும், அடுத்த தரம் எதை நிறுத்துவது என்று கோடுக்குத் தெரியாது. அறிவிப்பை வெளியே எடுங்கள்.

நிறுவைத் திரையில் இரண்டு விஷயம். மொத்தக் கொழுந்து முதல் நாள் 18 கிலோ, அடுத்த நாள் 16 கிலோ பறித்தால் 1816 கிலோ என்று காட்டுகிறது. பிரவுசரின் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜ் எதையும் எழுத்தாகத்தான் சேமிக்கும். எழுத்தோடு எண்ணைக் கூட்டினால் பக்கத்தில் ஒட்டிவிடும். எடுத்தவுடன் எண்ணாக மாற்றினால் 34 வரும். முதல் தடவை விளையாடுபவருக்கு அங்கே ஒன்றும் சேமிப்பில் இருக்காது, அதனால் "ஒன்றுமில்லை" என்று பொருள்படும் "நல்" (null) என்ற ஆங்கிலச் சொல் தெரிகிறது. அந்த நேரத்தில் 0 காட்டச் சொல்லிவிடுங்கள்.

மற்றது கழிவு. பறித்தது 18 கிலோ, திரையில் வருவது 16. இரண்டு கிலோ எங்கே போனது என்று ஒரு வரிகூட இல்லை. நிரலைப் பார்த்தால் கூடைக்கும் ஈரத்துக்கும் என்று செய்தவர் கழித்திருக்கிறார். மழை நாளில் இன்னும் அதிகமாகக் கழிகிறது. நிறுவையில் நின்றவர்கள் வீட்டிலிருந்து வந்த பிள்ளைதான் இப்படி யோசிக்கும், அதை எடுக்கவே கூடாது. ஆனால் விளையாடுபவருக்கு அது இப்போது கேம் பிழை மாதிரித் தெரிகிறது. தராசு முள் 18 இல் நிற்கட்டும், ஒரு வினாடி கழித்து "கூடை 1, ஈரம் 1" என்று எழுத்து வந்து முள் 16 க்கு இறங்கட்டும். வந்த கோபம் அப்போதுதான் சரியான இடத்துக்குப் போகும்.

இரண்டாவது ரயில் கேம். இலங்கை மலைநாட்டு ரயில் பாதையில் நானுஓயாவிலிருந்து பதுளை வரை, வலது அம்பு வேகம், இடது அம்பு பிரேக். வளைவில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போனால் தண்டவாளம் விட்டு இறங்கும். மடிக்கணினியில் அருமையாக ஓடுகிறது. 120 ஹெர்ட்ஸ் போனில் முதல் வளைவிலேயே கவிழ்கிறது. ஒவ்வொரு பிரேமுக்கும் (திரை ஒரு தரம் வரையும் படத்துக்கும்) ரயிலை 3 பிக்சல் தள்ளு என்று எழுதியிருப்பதால் வினாடிக்கு 60 தரம் வரையும் திரையில் 180 பிக்சல், 120 தரம் வரையும் திரையில் 360. ஒவ்வொரு பிரேமுக்கும் முன் கோடை அழைக்கும் "ரிக்வெஸ்ட் அனிமேஷன் பிரேம்" தன் பங்ஷனுக்கு மில்லி வினாடியில் நேரத்தைக் கொடுக்கிறது. முந்திய நேரத்தைக் கழித்து, 1000 ஆல் வகுத்து, அதை 180 ஆல் பெருக்கித் தள்ளினால் எந்தப் போனிலும் ஒரே வேகம். அந்த இடைவெளி 0.05 வினாடியைத் தாண்டாமல் ஒரு வரம்பும் வையுங்கள். இல்லாவிட்டால் நடுவில் வட்ஸ்அப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது ரயில் ஒரே பாய்ச்சலில் இரண்டு ஸ்டேஷன் தாண்டியிருக்கும்.

போனில் அம்புக் கட்டையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். திரையின் கீழ் இரண்டு பெரிய பட்டன் வைத்து அழுத்துவதையும் எடுப்பதையும் அறியும் "பாயின்டர் டவுன்", "பாயின்டர் அப்" பாவித்தால் மவுஸுக்கும் விரலுக்கும் ஒரே கோட் போதும்.

பாரம் இன்னொரு பிரச்சினை. பின்னணி இசை மூன்று நிமிட வேவ் (சுருக்கப்படாத ஒலி) பைல், அது மட்டும் 30 எம்பி. 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் 3 எம்பிக்குள் அடங்கும், போன் ஸ்பீக்கரில் வித்தியாசம் விளங்காது. டேட்டா கார்ட் போட்டு, சிக்னல் தேடி வாசலில் நிற்பவருக்கு இது சின்ன விஷயமல்ல. ரயில் படம் சிலருக்கு வராததற்குக் காரணம் வேறு: கோடில் சிறிய எழுத்தில் இருக்கும் பைல் பெயர் போல்டரில் பெரிய எழுத்தில் இருக்கிறது. வீட்டு விண்டோஸ் கணினி இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும், இணையத்தில் ஏற்றிய சேர்வர் பார்க்காது.

இனி பாதை. கேமில் எல்லவுக்கு முன் தெமோதரை வருகிறது. உண்மையில் பதுளைப் பக்கம் போகும்போது எல்ல முதலில், பிறகு ஒன்பது வளைவுப் பாலம், அதற்குப் பிறகுதான் தெமோதரை. இந்தப் பாதையில் தினம் போய்வரும் ஆட்கள் விளையாடப்போகும் கேமில் இது கோட் பிழையை விடப் பெரிய பிழை. தெமோதரையில் ஒரு பொக்கிஷத்தையும் தவறவிட்டிருக்கிறார்: ஸ்டேஷனைத் தாண்டிய பாதை மலையைச் சுற்றி இறங்கிவந்து, அதே ஸ்டேஷனுக்குக் கீழே சுரங்கத்துக்குள்ளால் போகிறது. கடைசி லெவலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்தக் கேமில் போதாமல் இருப்பது கஷ்டம்தான். பாதை முழுக்கத் தட்டையாக இருக்கிறது. நிசத்தில் பட்டிப்பொல ஸ்டேஷனே ஏறக்குறைய 1,890 மீட்டரில் இருக்கிறது. அதைத் தாண்டியதும் பதுளை வரைக்கும் பெரும்பாலும் இறக்கம். மலைநாட்டுப் பாதையின் செங்குத்தான இடங்களில் சரிவு 44 க்கு 1, அதாவது 44 மீட்டர் போனால் 1 மீட்டர் இறக்கம். புவியீர்ப்பு 9.8 ஐ 44 ஆல் வகுத்தால் 0.22 (வினாடிக்கு மீட்டர் கணக்கில்; மணிக்குக் கிலோமீட்டராக்கினால் 0.8), இறக்கத்தில் ஒவ்வொரு வினாடியும் வேகத்தோடு அவ்வளவைக் கூட்டுங்கள். உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும் ரயில் பிரேக் தொடாமல் 30 வினாடியில் 44 ஐத் தொடும், அதாவது உங்கள் வளைவு எல்லையைத் தாண்டும். பட்டிப்பொல வரை வேகப் பட்டனோடு மல்லுக்கட்டு, அதன் பிறகு பிரேக்கோடு மல்லுக்கட்டு. ஒரு எண்ணைக் கூட்டினால் இரண்டு கேம் கிடைக்கிறது.

மூன்றாவது சொல் கேம். மேலிருந்து எழுத்துகள் விழும், பிடித்துச் சொல்லை நிரப்ப வேண்டும், ஒரு சொல்லுக்கு 30 வினாடி. கொழுந்து, கவ்வாத்து, பெரட்டு, கங்காணி என்று தோட்டத்துச் சொற்களின் தெரிவு மிக நன்று. பலர் முதல் சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள், ஏனென்றால் விழுவது எழுத்தல்ல. "கொழுந்து" என்பதை ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண "ஸ்ப்ளிட்" பிரித்தால் 8 துண்டு: க, அதன் கொம்பும் காலும் சேர்ந்து ஒரு துண்டாக, ழ, உகரக் குறி தனியாக, ந, புள்ளி தனியாக, த, மறுபடி உகரக் குறி. புள்ளிவட்டத்தோடு ஒரு கொம்பு மட்டும் ஆகாயத்திலிருந்து விழுந்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அதை என்னவென்று பிடிக்கும்? கொ, ழு, ந், து என்று நான்காக விழ வேண்டும். "இன்ட்ல் செக்மென்டர்" என்ற வசதி பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. மொழியைத் தமிழ் என்றும் பிரிப்பை "கிராபீம்" (கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்து) என்றும் கொடுத்தால் சரியாக நான்கு தரும்.

விளக்கத் திரையில் ஒரு பந்தி ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளுமாகத் தெரிவது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி ஒட்டியதால். செய்தவர் கணினியில் அந்த எழுத்துரு இருப்பதால் அவருக்குத் தமிழாகவே தெரியும், அதனால் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாவிட்டால் நம்ப மாட்டார். யூனிகோடுக்கு மாற்றி ஒட்டினால் முடிந்தது.

எட்டுத் துண்டு நான்கு எழுத்தானபின் 30 வினாடி தாராளமாக மிஞ்சும். கொழுந்தை 10 வினாடியில் முடிக்கலாம், ஐந்து எழுத்துள்ள கவ்வாத்தை 13 இல். அப்போதுதான் நேரத்தைக் குறைக்கும் கட்டம் வருகிறது; 15 இல் தொடங்கி, நான்கு எழுத்துச் சொல்லையும் ஐந்து எழுத்துச் சொல்லையும் வேறு வேறாக அளந்து பார்க்கலாம்.