பாண்டியில் லார்ஜ் கேட்டால் குவார்ட்டர் பாட்டிலையும் கேளுங்கள்

எங்களை அளவிலும் பில்லிலும் ஏமாற்றிய பிராந்திக் கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. புதுச்சேரி பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், அது போதும். அந்தப் பக்கம் இருக்கும் எந்தக் கடையிலும் இது நடக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

நான் இருப்பது முதலியார்பேட்டை. சிதம்பரத்திலிருந்து ஒருவன், திண்டிவனத்திலிருந்து ஒருவன் என்று கல்லூரிக் கூட்டாளிகள் இரண்டு பேர் சனிக்கிழமை வந்திருந்தார்கள். பீச் ரோடு பக்கம் போனால் கிடார் வாசிப்பான், மெனு அட்டையைப் பார்த்தாலே போதை இறங்கிவிடும். நமக்கு வேண்டியது பிளாஸ்டிக் நாற்காலி, மேலே ஒரு மின்விசிறி, கத்திப் பேசினாலும் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு மூலை. இந்தக் கடையில் அதெல்லாம் இருந்தது. சுவரில் பெயின்ட்டால் ‘லார்ஜ் 120’ என்று எழுதியிருந்தார்கள். உட்கார்ந்ததும் கேட்காமலே மூன்று தட்டு சுண்டல் வந்தது. நல்ல மனுஷங்கடா என்று நினைத்தோம்.

பிராந்தி, ஆளுக்கொரு லார்ஜ். இரண்டு ரவுண்டு போனது. மூன்றாவது வந்தபோதுதான் சிதம்பரத்தான் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். “என்னடா இது, நாலு லார்ஜ் ஆகப் போவுது, இன்னும் பஸ் டிக்கெட் வெல கணக்கு பேசிட்டிருக்கோம்?” என்றான். உண்மையில் மூன்றாவதுதான். எண்ணிக்கை தப்பாகும் அளவுக்குக்கூட ஏறவில்லை என்பது அவன் வாதம்.

அவன் செய்த காரியத்தைத்தான் நீங்களும் செய்ய வேண்டும். பக்கத்து மேசைக்கு அடியில் கிடந்த காலி குவார்ட்டர் பாட்டிலை எடுத்தான். தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டினான். நாங்கள் இன்னும் தண்ணீர் கலக்காமல் வைத்திருந்த மூன்று லார்ஜையும் ஒவ்வொன்றாக அதில் ஊற்றினான். லார்ஜ் என்றால் 60 மில்லி, மூன்று லார்ஜ் 180. குவார்ட்டரும் 180. அப்படியென்றால் கழுத்து வரை வர வேண்டும். லேபிளின் மேல் விளிம்புக்கு ஒரு விரல் கீழேயே நின்றுவிட்டது. திண்டிவனத்தான் பேனாவை எடுத்து லேபிள் ஓரத்தில் கோடு போட்டான்.

சப்ளையர் பையன் வந்து பார்த்தான். “டம்ளர்ல கொஞ்சம் ஒட்டிக்கும்ணே” என்றான். ஒட்டட்டும், இரண்டு மில்லி ஒட்டட்டும். அளக்கும் மெஷரைக் கொண்டுவரச் சொன்னோம். ஒரு பக்கம் 30, மறுபக்கம் 60 என்று இருக்கும் ஸ்டீல் மெஷர். 60 பக்கத்தில் விரலை விட்டுப் பார்த்தேன், அடிப்பகுதி வயிறு உப்பினாற்போல உள்ளே மேடாக இருந்தது. எடையளவுத் துறை முத்திரை எங்கேயும் இல்லை. கல்லாவில் இருந்தவர் அங்கிருந்தே, “கீழ வுழுந்து நெளிஞ்சிருக்கும் தம்பி” என்றார். கீழே விழுந்தால் பாத்திரம் ஓரத்தில் நெளியும். நடு அடிவயிற்றில் எப்படி நெளியும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குழந்தையின் இருமல் மருந்து பாட்டிலோடு வந்த 10 மில்லி மூடியால் அந்தக் கோடு வரை தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். பதினான்கு மூடி முழுசாகக் கொள்ளவில்லை. சுமார் 138. ஆக ஒரு லார்ஜ் 46 மில்லி. மற்ற இரண்டு ரவுண்டும் இதே லட்சணம் என்றால் ஒன்பது லார்ஜில் இரண்டு லார்ஜ் எங்கள் டம்ளருக்கு வரவே இல்லை. அதே கடையில் சீல் உடைக்காத குவார்ட்டர் 260 ரூபாய். மூன்று வாங்கியிருந்தால் 780-க்கு முழு அளவு கிடைத்திருக்கும். லூஸில் குடித்துக் கொடுத்தது 1,080.

இதில் எங்கள் தப்பும் உண்டு. தமிழ்நாட்டுக்காரனுக்கு டாஸ்மாக் பழக்கம். சீல் போட்ட பாட்டில், மேலே விலை அச்சடித்திருக்கும். அங்கே சண்டையெல்லாம் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்குவதைப் பற்றித்தான், அளவைப் பற்றி அல்ல. பாண்டியில் தனியார் கடை, பெக் கணக்கு. அளப்பது உள்ளே கவுன்டரில், நம் கண் படாத இடத்தில். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

சரி, பில்லுக்கு வருவோம். துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி வந்தது. சரக்கு 1,080. சாப்பாடு, தண்ணீர் எல்லாம் சேர்த்து 850. அந்த 850-இல் சுண்டல் மட்டும் 120! கேட்காமல் வைத்த அதே சுண்டல். அப்புறம் மொத்தத் தொகைக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 347 ரூபாய் சொச்சம். அதற்குமேல் சர்வீஸ் சார்ஜ் 193. ஆக 2,470.

குடிக்கிற மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோதே அது வெளியில் வைக்கப்பட்டுவிட்டது, கலால் வரி, வாட் என்று அந்தந்த அரசு போடுவதுதான். இந்த மாதிரிச் சாதாரணக் கடையில் சாப்பாட்டுக்கு 5 சதவீதம். 850-க்கு 42 ரூபாய் 50 காசு, அவ்வளவுதான். வரி போடுகிற கடை என்றால் பில்லில் பதினைந்து இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். புதுச்சேரிக் கடை என்றால் அது 34 என்று தொடங்கும். இந்தச் சீட்டில் எண்ணும் இல்லை, கடை பெயரும் இல்லை. வாங்கின 347 எந்த அரசாங்கத்துக்குப் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. டெல்லி உயர்நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. இதைச் சொன்னதும் கல்லாக்காரர் மறுபேச்சில்லாமல் 193-ஐ அடித்தார். ஜி.எஸ்.டி.யை மட்டும் விடவில்லை. “அது கவர்மென்ட் காசு தம்பி, நான் எப்படிக் கொறைக்கிறது?” என்று என்னையே குற்றவாளி ஆக்கினார். பின்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள். மணி பத்தரை. சிதம்பரத்தானுக்குக் கடைசி பஸ். 2,277 ரூபாயை ஜி.பே.யில் அனுப்பினேன். திரையில் வந்தது கடை பெயர் அல்ல, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். அப்போதே அதைப் படம் எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. பென்சில் சீட்டையும் அவர்களே வாங்கிக் கிழித்துப் போட்டார்கள். அதை மட்டும் நீங்கள் விடாதீர்கள், கல்லாவில் கொடுப்பதற்கு முன்பே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்து பதிவு செய்தேன். புகார் எண் வந்திருக்கிறது. பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். கோடு போட்ட குவார்ட்டர் பாட்டில்தான் இருக்கிறது என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

போன வாரம் அந்த வழியாக வண்டியில் போனேன். சுவரில் புது பெயின்ட். ‘லார்ஜ் 110’ என்று எழுதியிருக்கிறது.