ஒரு கிரெடிட்டுக்கு எத்தனை மணி நேரம்?

காரைக்குடியில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி பி.எஸ்சி. வேதியியல் முடிக்கப் போகிறாள். ஜெர்மனியில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க மதிப்பெண் பட்டியலோடு வந்து பட்டாலையில் உட்கார்ந்தாள். "அண்ணே, அங்கே வருசத்துக்கு 60 கிரெடிட்டாம். எனக்கு 40தானே வருது, பத்தாதா?"

பத்தும். கிரெடிட் என்பது ஒரு பாடத்துக்கான உழைப்பை மணிக்கணக்கில் அளக்கிற அலகு. பேர்தான் ஒன்று, நாட்டுக்கு நாடு அளக்கிற படி வேறு வேறு.

அமெரிக்காவின் படி பழையது. பேராசிரியர் ஓய்வூதியத்துக்குக் கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்க 1906 வாக்கில் கார்னகி அறக்கட்டளை பிடித்த மணிக்கணக்கில் வேர்விட்டது. இப்போதைய விதிப்படி வாரம் ஒரு மணி வகுப்பு, வெளியே குறைந்தது இரண்டு மணி உழைப்பு, சுமார் 15 வாரம். ஆக ஒரு கிரெடிட்டுக்கு 45 மணி.

ஐரோப்பாவில் வகுப்பு, வாசிப்பு, தேர்வுக்குப் படிப்பது எல்லாம் சேர்ந்து 25 முதல் 30 மணி ஒரு கிரெடிட். வருடத்துக்கு 1500 முதல் 1800 மணி.

நம் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 கட்டமைப்பில் 15 மணி வகுப்புக்கு ஒரு கிரெடிட். ஆய்வகத்துக்கு 30 மணி. 2023இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பு, மொத்த உழைப்பு 30 மணி என்கிறது. வருடத்துக்கு 40 கிரெடிட், 1200 மணி.

எனக்கு உறுத்துவது ஆய்வகக் கணக்கு. வகுப்புக் கிரெடிட்டில் 15 மணி போக, வீட்டில் படிக்க இன்னொரு 15 மணிக்கு இடமிருக்கிறது. ஆய்வகத்தில் அந்த 30 மணியும் பியூரெட்டைப் பிடித்து நிற்பதிலேயே தீர்ந்துவிடுகிறது. இந்தப் பெண் தேவகோட்டை பஸ்ஸில் வீடு திரும்பி, ராத்திரி ரெக்கார்டு நோட்டில் டைட்ரேஷன் அட்டவணை போடுகிறாளே, அது எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. ஐரோப்பிய முறையில் ஏறும். அதனால் என் கட்சி ஐரோப்பாதான், அங்கேயும் அந்த மணி சராசரி மாணவருக்குப் போட்ட மதிப்பீடுதான் என்றாலும்.

மாற்றும்போதும் சிக்கல் உண்டு. வருடத்தில் பத்தில் ஒரு பங்கு என்று பார்த்தால் நம் 4 கிரெடிட் அங்கே 6. மணியை மட்டும் பார்த்தால் 120 மணி, அதாவது நான்கோ ஐந்தோதான். முழு வருடப் படிப்புக்கு முழு வருடம் என்று எடுப்பதே நியாயம்.

அவளிடம் சொன்னேன்: "நீயா பெருக்கி எழுதாதே ஆத்தா. ஒவ்வொரு தாளுக்கும் வகுப்பு மணி, ஆய்வக மணி போட்ட பாடத்திட்டத்தையும், வருசத்துக்கு 40 என்கிற விதியையும் சேர்த்து அனுப்பு." பாடத்திட்டப் பிரதி வாங்க நாளைக்குக் கல்லூரிக்குப் போகிறாள்.