ரஃப்னஸ் டெஸ்டர்: ஷாஃப்ட் ஃபினிஷ் பார்ப்பவரின் நெடுநாள் அனுபவம்

கோவையில் பம்ப், மோட்டார் ஷாஃப்ட்களுக்கு ஃபினிஷ் பார்ப்பது என் வேலை. நுண்ணிய முனையை (ஸ்டைலஸ்) மேற்பரப்பில் ஓட்டி அதன் சொரசொரப்பை அளக்கும் மிட்டுடோயோ எஸ்ஜே-210 கையடக்க ரஃப்னஸ் டெஸ்டரைப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "ரீடிங் சரியா வருமா?" வரும். ஆனால் எப்படி எடுத்த ரீடிங் என்று தெரியாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

ஷாஃப்டில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீல் உட்காரும் இடத்துக்கு வழக்கமாகக் கேட்பது ஆர்ஏ (சராசரி சொரசொரப்பு) 0.2 முதல் 0.8 மைக்ரான். அதற்கு மேல் சொரசொரப்பானால் சீலின் உதடு சீக்கிரம் தேயும். ரொம்ப வழவழப்பானாலும் ஆபத்துதான்; உதட்டுக்கு அடியில் எண்ணெய்ப் படலம் நிற்காமல் சூடேறும். இந்த வரம்புக்கு கட்-ஆஃப் (எவ்வளவு நீளம் வரையுள்ள மேடுபள்ளத்தைச் சொரசொரப்பாகக் கணக்கிடுவது என்ற எல்லை) 0.8 மி.மீ. வைத்து, அதன் ஐந்து மடங்காக 4 மி.மீ. அளக்க வேண்டும். கட்-ஆஃபை 0.25 ஆக்கினால் அதே ஷாஃப்ட் பெரும்பாலும் இன்னும் நல்ல எண்ணைக் காட்டும். கட்-ஆஃப் எழுதாத ரிப்போர்ட்டை நான் வாங்குவதே இல்லை. திசையும் முக்கியம். கிரைண்டிங் கோடுகள் ஷாஃப்டைச் சுற்றி ஓடுகின்றன. ஸ்டைலஸ் நீளவாக்கில் போய் அவற்றைக் குறுக்கே கடக்க வேண்டும்.

ஆர்ஏ வெறும் சராசரி. ஆழமான ஒற்றைக் கீறல் அதில் கரைந்துபோகும். உச்சிக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயரமான ஆர்இசட்டும் ஐந்து பகுதிகளின் சராசரிதான். அதனால் அந்த ஐந்தில் மிகப் பெரியதான ஆர்மேக்ஸையும் திரையில் வரும் புரொஃபைலையும் (மேடுபள்ளத்தின் வரைகோடு) பார்க்காமல் பாஸ் போடுவதில்லை. கிரைண்டிங் வீல் டிரெஸ்ஸிங்குக்கு (முகத்தைச் சீவிப் புதுப்பிப்பது) வந்துவிட்டதைப் பலமுறை எனக்கு முதலில் சொன்னது ஆர்ஏ அல்ல, அந்தப் புரொஃபைல்தான்.

பராமரிப்பு அதிகம் கேட்காது. வைர முனையின் ஆரம் 2 அல்லது 5 மைக்ரான்தான், பக்கவாட்டில் இடித்தால் போச்சு. கூலன்ட் பிசுக்கைத் துடைத்துவிட்டு அளக்க வேண்டும். காலையில் சொரசொரப்பின் அளவு தெரிந்த மாஸ்டர் பிளேட்டில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம்.

இது ஸ்கிட் வகை; முனையோடு ஸ்கிட் என்ற சிறு தாங்கியும் மேற்பரப்பைத் தொட்டபடி வரும். ஸ்கிட் மேற்பரப்பின் மேடுபள்ளத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால், அலைபோன்ற நெளிவு ரீடிங்கில் வராது. ஷாஃப்டில் திருகுபோல ஓடும் நுண்கோட்டையும் இது காட்டாது. அந்தக் கோடுதான் எண்ணெயை வெளியே தள்ளும். அதைக் கண்டுபிடிக்க எண்ணெய் தடவிய ஷாஃப்டில் சிறு எடை கட்டிய நூலைத் தொங்கவிட்டு மெதுவாகச் சுற்றுகிறோம். நூல் ஒரு பக்கம் நகர்ந்து, எதிர்த்திசையில் சுற்றும்போது மறுபக்கம் நகர்ந்தால் ஷாஃப்ட் ரிஜெக்ட்.

சிறிய விட்ட ஷாஃப்ட்கள் அதிகமென்றால் ஷாஃப்டைத் தாங்கும் வி-பிளாக்கையும் டெஸ்டரைத் தேவையான உயரத்தில் நிறுத்தும் ஹைட் ஸ்டாண்டையும் சேர்த்தே வாங்குங்கள். கையில் பிடித்து எடுக்கும் ரீடிங் ஆளுக்கு ஆள் மாறும்.