காயப்போடுவதா, குளிரவைப்பதா? மூன்று தொட்டி நோபிலே ஆர்க்கிட்

ஒரே நர்சரியில் ஒரே நாளில் வாங்கிய மூன்று தொட்டிகள். மூன்றிலும் டென்ட்ரோபியம் நோபிலே. இரண்டு, கோயம்புத்தூரில் எங்கள் மொட்டைமாடியில் நிழல்வலைக்குக் கீழே. அவற்றில் ஒன்றுக்கு வழக்கம்போலத் தண்ணீரும் உரமும். மற்றதற்குக் கார்த்திகை பிறந்ததிலிருந்து சொட்டு நீர் இல்லை. மூன்றாவது தொட்டி கோத்தகிரியில் அக்கா வீட்டுத் தாழ்வாரத்துக்குப் போனது. ஆர்க்கிட் பூக்க வேண்டுமானால் குளிர்காலத்தில் பட்டினி போடு என்று சொல்லாத ஆள் இல்லை. அந்தப் பட்டினிதான் பூவைக் கொண்டுவருகிறதா, குளிர் செய்த வேலைக்கு அது பெயர் வாங்கிக்கொள்கிறதா என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

தண்ணீர் நிறுத்தாத தொட்டியில் தை மாதம் கணுக்கள் புடைத்தன. மிளகு அளவு. மொட்டு என்றே நம்பி வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். நாளாக ஆகப் புடைப்பு கூர்மையாகி இலை விரித்தது. அடியில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. பூ இல்லை, கன்று. ஒன்றல்ல, நான்கு. மார்கழியில் மழை பெய்தால் மாமரம் பூவை மறந்து தளிர் விடுமே, அதே கதைதான். நோபிலே கணுவில் இருப்பது இரண்டு பக்கமும் சாயக்கூடிய மொக்கு. குளிர் கிடைக்காமல், தழைச்சத்து மட்டும் தாராளமாகக் கிடைத்தால் அது கன்றின் பக்கம் சாயும்.

பட்டினி போட்ட தொட்டியைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இலைகள் பழுத்து உதிர்ந்தன. அது இந்தச் செடிக்கு இயல்பு, கவலையில்லை. ஆனால் தண்டுகள் வதங்கிய முருங்கைக்காய்போல நெடுக வரி விழுந்து சுருங்கின. கன்று வரவில்லை என்பது ஒன்றே லாபம். பூவும் வரவில்லை.

கோத்தகிரித் தொட்டிக்கு அக்கா வாரம் ஒருமுறை, காலையில், தொட்டியில் நிரப்பிய கரித்துண்டுகள் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டார். உரம் ஆவணியோடு நிறுத்தியாயிற்று. மாசியில், முந்தைய ஆண்டு முதிர்ந்த இலையில்லாத ஒரு தண்டில் ஒன்பது கணுக்கள் பூத்தன, கணுவுக்கு இரண்டு மூன்று பூவாக. வெள்ளை இதழ், நுனியில் ஊதா, நடுவே கருஞ்சிவப்புத் தொண்டை.

மூன்று தொட்டியை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் 1952இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் வெளியிட்ட, ரோட்டர் என்ற ஆய்வாளரின் ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது: 13 டிகிரியில் வைத்த நோபிலே பகல் நீளம் எதுவானாலும் பூத்தது, 18 டிகிரியில் வைத்தது பூக்காமல் வளர்ந்துகொண்டே இருந்தது. கோயம்புத்தூரின் மார்கழி இரவுகள் பெரும்பாலும் அந்தப் பதினெட்டை ஒட்டியே நின்றுவிடுகின்றன. காயப்போட்டு என்ன பயன்?

அப்படியானால் காயப்போடும் வழக்கம் எங்கிருந்து வந்தது? செடியின் ஊரிலிருந்துதான். நோபிலே சிக்கிமின் மாநில மலர். கிழக்கு இமயமலையில் பருவமழை விலகியதும் வறட்சியும் குளிரும் கைகோத்து வருகின்றன. கூடவே வருவதால் எது பூக்க வைத்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். அங்கேயும் பனியும் மூடுபனியும் இரவில் வேரைத் தொட்டுவிட்டுப் போகும். முழுப் பட்டினி இல்லை. எலுமிச்சையை வாட்டினால் பூக்கும் என்பது நம் விவசாயிகளின் அனுபவம். அந்தக் கணக்கை அப்படியே ஆர்க்கிடுக்குப் போடுவதில்தான் தவறு.

காயப்போடுவதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் வேர் அழுகும். கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழை சாதாரணமானதல்ல. திறந்த வெளியில் வைத்திருந்தால் அக்காவின் தொட்டி போயிருக்கும். ஆகவே என் தீர்ப்பு: இரவு வெப்பம் 10 முதல் 14 டிகிரி வரை, நான்கு முதல் ஆறு வாரம், மழை படாத கூரை, தண்டு சுருங்காத அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர். மொட்டு நன்றாக உருண்டு தெரிந்த பிறகு நீரைக் கூட்டலாம். குளிரூட்டத் தொட்டியில் ஐஸ்கட்டி வைக்கும் வித்தைக்கு இங்கே வேலை இல்லை. தேவைப்படுவது வாரக்கணக்கில் குளிர்ந்த இரவுக்காற்று, ஒரு கை ஐஸ் அல்ல.

சமவெளியில் இருப்பவர்கள் நோபிலேயோடு மல்லுக்கட்டாமல் செடியையே மாற்றிக்கொள்வது நல்லது. திருமண மேடைப் பூங்கொத்துகளில் ஊதாவும் வெள்ளையுமாக நிற்கும் டென்ட்ரோபியம் சோனியாவுக்கு ஓய்வே வேண்டாம். வெயிலும் தண்ணீரும் உரமும் கொடுத்தால் பூக்கும். அதைப் பட்டினி போடுவது வீண் கொடுமை. ஃபலெனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வெப்பம் 28 டிகிரிக்கு மேலேயே இருந்தால் பூந்தண்டு விடாது. சில வாரங்களுக்கு இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்கினால் போதும். ஆனால் அதற்கு நீர் சேமிக்கும் தண்டு கிடையாது, காயப்போட்டால் செத்துவிடும்.

சிங்கப்பூர், மலேசியா பக்கம் மரங்களில் வளரும் டென்ட்ரோபியம் குருமெனாட்டம் இன்னொரு வேடிக்கை. அதற்கு வாரக்கணக்கில் குளிர் வேண்டாம். ஒரு பெருமழை அடித்து வெப்பம் சட்டென்று ஐந்தாறு டிகிரி இறங்கினால், சுமார் ஒன்பதாம் நாள் அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒன்றாகப் பூக்கும். ஒரே நாள்தான் பூ.

இந்த ஐப்பசியில் என் மாடியில் இருக்கும் இரண்டு தொட்டிகளும் கோத்தகிரிக்குப் பஸ் ஏறுகின்றன. அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: பூத்த பிறகு அவற்றில் ஒன்று திரும்பி வராது.