யுஎஸ்பெட் முறையுடன் ஐந்து ஆண்டுகள்: மண் தங்கும் குழிவும் இல்லாத படிகளும்

நீலகிரியில் காய்கறி விளையும் ஒரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதியில் தடுப்பணைகளுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கும் நண்பர், மண் எங்கே அரிக்கும், எங்கே படியும் என்று கணினியில் கணக்கிட்டுப் படமாகக் காட்டும் யுஎஸ்பெட் முறையை நம்பலாமா என்று சென்ற வாரம் கேட்டார். ஐந்து ஆண்டுகளாக அதைக் கிராஸ் ஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளில் இயக்கிவரும் எனக்கு ஒரு வரியில் விடை சொல்ல மனம் வரவில்லை.

அதன் அருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஆய்வாளர்களான விஷ்மயர், ஸ்மித் ஆகியோரின் மண்ணிழப்புச் சமன்பாடு, 22.13 மீட்டர் நீளமும் 9 விழுக்காடு சரிவும் உள்ள சோதனைப் பாத்தியை அளவுகோலாகக் கொண்டது. எவ்வளவு மண் பெயரும் என்று சொல்லும் அது, பெயர்ந்த மண் எங்கே தங்கும் என்று சொல்வதில்லை. ஹெலெனா மிட்டாசோவாவும் உடன் உழைத்தவர்களும் 1990களில் உருவாக்கிய யுஎஸ்பெட், ஓடும் நீரின் மண் சுமக்கும் திறன் கூடும் இடத்தை அரிப்பாகவும் குறையும் இடத்தைப் படிவாகவும் காட்டுகிறது. சரிவு தணியும் ஒரு குழிவைப் படிவு என்று அது குறித்திருந்தது. தென்மேற்குப் பருவமழைக்குப் பின் அங்கே போய்ப் பார்த்தபோது, கேரட் பாத்திகளின் மேல் கணுக்கால் ஆழத்துக்குச் செம்மண் ஏறியிருந்தது. அன்றைய வியப்பு எனக்கு இன்னும் தணியவில்லை.

என்னை வாட்டுபவை பட்டைகள். 2000ஆம் ஆண்டு விண்ணோடத்திலிருந்து எடுக்கப்பட்ட எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரத் தரவில், நிலத்தைப் பிரித்த ஒவ்வொரு சதுரக் கட்டத்தின் உயரமும் முழு மீட்டர்களில்தான் பதிவாகியுள்ளது. மெல்லிய சரிவில் பல கட்டங்கள் ஒரே உயரத்தில் நின்றுவிட்டு, அடுத்த கட்டம் ஒரு மீட்டர் இறங்கிவிடும். சரிவைக் காண ஒருமுறை, சுமைத்திறனின் மாற்றத்தைக் காண மறுமுறை என யுஎஸ்பெட் உயரத்தை இரண்டு தடவை வகையிடுவதால், அதாவது இடத்துக்கு இடம் மாறும் வீதத்தைக் கணக்கிடுவதால், அந்த ஒரு மீட்டர் பிழை அரிப்பும் படிவும் மாறிமாறி வரும் பட்டைகளாக மலை முழுவதும் பெருகுகிறது. நிலத்தில் இல்லாத படிகளை இப்படி வரையும் அதே படத்தில், உழவர்கள் வெட்டி அமைத்த உண்மையான அடுக்கு வயல்களைக் காணோம். சில மீட்டர் அகல வயல் 30 மீட்டர் கட்டத்துக்குள் கரைந்துபோகிறது.

பின்ன மீட்டர்களில் உயரம் தரும் கோப்பர்னிக்கஸ் என்ற செயற்கைக்கோள் உயரத் தரவுக்கு மாறியபோது பட்டைகள் பெரிதும் குறைந்தன. ஆனால் அது மரத்தலைகளையும் சேர்த்து அளப்பதால், தைலமரத் தோப்பின் ஓரம் செங்குத்துச் சரிவாகிவிடுகிறது. அக்கம்பக்கக் கட்டங்களோடு சராசரியாக்கி உயரத்தை மென்மையாக்கினால் பட்டையோடு சேர்ந்து அந்தக் குழிவும் மழுங்குகிறது. எவ்வளவு மென்மையாக்குவது என்பதை ஒவ்வொரு முறையும் என் கண்தான் தீர்மானிக்கிறது. அப்படி அமைந்த படத்தை அளவீடு என்று பிறரிடம் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நீர் சுமக்கும் அளவுக்கு மண் எப்போதும் கிடைக்கும் என்று யுஎஸ்பெட் கொள்வதும் குறையே.

இவ்வளவு பாராட்டிய பிறகும், நண்பரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றே சொன்னேன். இந்த வாரம் முழுவதும் பட்டைகளோடு மல்லுக்கட்டிய சலிப்பு அந்த விடையில் கலந்திருப்பதை நான் மறுக்கவில்லை. மழை நாளில் கலங்கல் நீர் எந்த வரப்பை உடைத்துக்கொண்டு இறங்குகிறது என்பதை உழவர்களோடு நடந்து குறித்துக்கொண்டு, அதன் பிறகு என்னிடம் வருமாறு கேட்டுக்கொண்டேன். அந்தக் குறிப்பின் மேல் யுஎஸ்பெட் படத்தை வைத்துப் பார்க்க நானும் ஆவலாக இருக்கிறேன்.