பழைய கணினிக்கு எஸ்எம்பிஎஸ் டெஸ்டர்: வாங்கலாமா?

ராஜபாளையத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். திருமணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்போம். புதுக் கணினியும் உண்டு. ஆனாலும் பாதிப் பிழைப்பு விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய பெட்டியில்தான் நடக்கிறது. பேஜ்மேக்கர் ஃபைல்கள், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள், பிரிண்டர் போர்ட்டில், நகலெடுப்பதைத் தடுக்கும் சிறு பூட்டுக் கருவியைச் செருகினால் மட்டுமே திறக்கும் தமிழ் மென்பொருள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்பவர்கள், அந்தப் பூட்டைப் புதுக் கணினியில் எங்கே செருகுவது என்றும் சொல்லிவிட்டுப் போகலாம்.

முகூர்த்த மாதத்தில் அந்தப் பெட்டி படுத்துவிட்டது. பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு இல்லை, ஃபேன் இல்லை, ஒரு முனகல்கூட இல்லை. வழக்கமாக வரும் டெக்னீசியன் போனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்: “மதர்போர்டு போயிருக்கும் அக்கா. ஜி41 போர்டெல்லாம் இப்போது கிடைக்காது, பழைய சாமானில்தான் தேட வேண்டும்.” பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் சொல்லும் ஜோசியத்துக்குக் காசு கொடுக்க மனம் வரவில்லை. அந்தக் கோபத்தில் வாங்கியதுதான், கணினிக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் இந்த டெஸ்டர். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

உள்ளங்கைக்குள் அடங்கும் அலுமினியப் பெட்டி. நடுவில் சிறிய திரை. சுற்றிலும் 24 பின் கனெக்டர், பிராசஸருக்கான 4 பின் மற்றும் 8 பின், ஹார்டு டிஸ்க்குக்கான புதுவகை சாட்டா கனெக்டர், பழைய வெள்ளை கனெக்டர் ஆகியவற்றுக்குத் துளைகள். பழைய 20 பின் கனெக்டரும் பொருந்தும். எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கனெக்டரை மதர்போர்டிலிருந்து கழற்றி இதில் செருகி மின்சாரம் கொடுத்தால் போதும். எஸ்எம்பிஎஸ்ஸை இயக்கப் பச்சை ஒயரைக் கறுப்பு (கிரவுண்ட்) ஒயரோடு இணைக்கும் வேலையை இதுவே செய்துகொள்ளும். ஃபேன் சுற்றும், திரை நீல நிறத்தில் ஒளிரும், 12, 5, 3.3 வோல்ட் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

இதைக் கையில் எடுப்பதற்கு முன் காசில்லாத வேலைகள் சில இருக்கின்றன. சுவர் பிளக்கில் வேறொன்றைச் செருகிப் பாருங்கள். பவர் கார்டை மாற்றிப் பாருங்கள். பெட்டியின் பின்பக்கச் சுவிட்சைப் பாருங்கள். பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது அணைவதுண்டு. முன்பக்கப் பட்டனே தேய்ந்திருந்தால், மதர்போர்டில் அந்த ஒயர் செருகியிருக்கும் இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் கணினி எழுந்துகொள்ளும். இவற்றை நான் பார்த்து முடித்திருந்தேன்.

டெஸ்டரைச் செருகியதும் வீட்டு நாய் ஓடிப்போகும் அளவுக்கு ஒரு பீப் சத்தம். திரையில் மற்ற எண்கள் ஒழுங்காக இருக்க, ‘5விஎஸ்பி’ என்ற இடத்தில் மட்டும் 4.2 மினுக்கியது. ஊதா நிற ஒயரில் வரும் மின்சாரம் அது. கணினி அணைந்திருக்கும்போதும், பிளக்கில் இருக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். பட்டனை அழுத்தினால் அதை உணர்வதற்கு மதர்போர்டுக்கு வேண்டிய உயிர் அதிலிருந்துதான் வருகிறது. 4.75 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. அந்தப் பகுதி ஓய்வே இல்லாமல் சூட்டிலேயே கிடப்பதால், பழைய எஸ்எம்பிஎஸ்களில் அங்குள்ள கபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் உறுப்பு) காய்ந்து போவது வழக்கமான சங்கதி. புது எஸ்எம்பிஎஸ் மாட்டினேன்; எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி வந்துவிட்டது. கிடைக்காது என்று சொல்லப்பட்ட ஜி41 போர்டு இன்றைக்கும் கொடை நோட்டீஸ் அடிக்கிறது.

இதோடு நிறுத்தினால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். அடுத்த கடை ஜெராக்ஸ் அண்ணாச்சியின் பெட்டிதான் என் கண்ணைத் திறந்தது. பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும். டெஸ்டரில் போட்டால் எல்லாம் சரி, பீப் இல்லை, ‘பிஜி’ 300. அது, மின்சாரம் நிலைபெற்றுவிட்டது என்று எஸ்எம்பிஎஸ் அறிவிக்க எடுக்கும் நேரம். 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள் இருக்கலாம். “அப்படியென்றால் போர்டுதானேம்மா?” என்று அண்ணாச்சி முகம் வாடிவிட்டார்.

மல்டிமீட்டரை எடுத்தேன். கணினியோடு இணைத்தபடியே, வெறுமனே தொங்கிய வெள்ளை கனெக்டரின் மஞ்சள், கறுப்பு ஒயர்களில் முனைகளை வைத்துப் பட்டனை அழுத்தச் சொன்னேன். 12 வோல்ட் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு 10.8-க்குச் சரிந்தது, பெட்டி நின்றது. 11.4-க்குக் கீழே போனாலே தவறு. டெஸ்டருக்குள் இருக்கும் சுமை பேருக்குத்தான். சும்மா நிற்கும் மாடு வண்டி இழுக்குமா என்று அதற்குத் தெரியாது. மதர்போர்டும் பிராசஸரும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து இழுக்கும்போதுதான் கிழட்டு எஸ்எம்பிஎஸ்ஸின் சாயம் வெளுக்கிறது. நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றைக் கடனாக மாட்டிப் பார்த்தோம், கணினி ஓடியது.

ஆகவே இந்தப் பொருள் தவறு என்று சொன்னால் நம்பலாம். சரி என்று சொன்னால் அது பாதிச் செய்திதான். அதற்கு மேல் மல்டிமீட்டரும், கையில் ஒரு உபரி எஸ்எம்பிஎஸ்ஸும் வேண்டும்.

இன்னொரு குறை, திரை ஒரு தசமம்தான் காட்டுகிறது. 3.3 வோல்ட்டுக்கு அனுமதி 3.14 முதல் 3.47 வரை. திரையில் 3.1 என்று வந்தால் அது எந்தப் பக்கம் என்று யார் சொல்வது? மின்சாரத்தில் கலந்து வரும் அலைவையும் இது அளக்காது. கபாசிட்டர் உப்பிய எஸ்எம்பிஎஸ்ஸில் தொல்லையே அதுதான். கூட வந்த விளக்கத்தாளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எறும்பு எழுத்து, பாதி வாக்கியங்கள்.

வீட்டில் ஒரே ஒரு பழைய கணினி வைத்திருப்பவர் இதை வாங்க வேண்டியதில்லை. அந்தக் காசுக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினால் சுவர் பிளக்கும் இன்வெர்ட்டர் பேட்டரியும் பார்த்துக்கொள்ளலாம். பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஜெம் கிளிப்பால் இணைத்துப் பார்க்கும் பழைய வித்தையும் இருக்கிறது. ஆனால் ஃபேன் சுற்றுவதை மட்டும் வைத்து வோல்ட் சரி என்று முடிவு கட்ட முடியாது. பள்ளிக்கூட லேப், பிரவுசிங் சென்டர், என்னைப்போல் பழைய பெட்டிகளோடு மல்லுக்கட்டும் கடைக்காரர்கள் என்றால் டெஸ்டர் நேரத்தை மிச்சப்படுத்தும். என் கணக்கில் மூன்றரை நட்சத்திரம்.

வாங்கினால் திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் விளக்குகள் மட்டும் எரியும் மலிவு வகையில் 4.2-ம் 5-ம் ஒன்றுபோலத் தெரியலாம். அந்த வகை சிலவற்றில் மைனஸ் 5 வோல்ட்டுக்கும் ஒரு விளக்கு இருக்கும். அது எரியவில்லை என்று பதற வேண்டாம், 2000-களின் தொடக்கத்திலேயே அந்த இணைப்பு தரவிதியிலிருந்து நீங்கிவிட்டது. எஸ்எம்பிஎஸ் பழுது என்று தெரிந்தாலும் அதைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். 1990-களின் பிற்பகுதியில் வந்த சில டெல் கணினிகளில் கனெக்டர் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும் ஒயர் வரிசை வேறு. அப்படிப்பட்ட பெட்டியில் இதைச் செருகவே வேண்டாம்.